எரிந்த அலுவலகமும் எரியாத நாளும்

ஜேம்ஸ் ஜொய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவல், டப்ளின் நகரின் ஒரு வியாழக்கிழமையை, 1904 யூன் 16ஐ, எழுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் விரிக்கிறது. நாயகன் லியோபோல்ட் புளூம் பத்திரிகைக்கு விளம்பரம் சேகரிப்பவன். பத்திரிகையாளனாகிய என்னை முதலில் ஈர்த்தது அதுவே.

அன்று அஸ்கொட் பந்தயத்தில் ‘த்ரோஅவே’ என்ற குதிரை வென்றது உண்மைச் செய்தி. மறுநாளே பழையதாகிவிடும் இத்தகைய செய்திகளையும், அவ்வாண்டின் தெரு விவரக் கையேட்டையும் கொண்டே ஜொய்ஸ் தமது நகரை மீளக் கட்டினார். 1904 ஒக்டோபரில் ஊரைவிட்டு வெளியேறிய அவர், நாவலை எழுதியது 1914 முதல் 1921 வரை திரியெஸ்தே, சூரிச், பாரிஸ் நகரங்களில்.

இடையில், 1916இல், ஆங்கில ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி மூண்டது. புளூம் ஏறியிறங்கிய ‘பிரீமன்ஸ் ஜேர்னல்’ அலுவலகம் தீக்கிரையாயிற்று. 1922 பெப்ரவரி 2இல் பாரிஸில் நாவல் வெளிவந்தபோது, அது காட்டிய நகரின் மையப்பகுதி பழையபடி இருக்கவில்லை. 1924இல் அப்பத்திரிகையும் நின்றுபோயிற்று.

எழுச்சியின் தலைவர்களை வரலாற்று நூல்கள் பதிவுசெய்தன. விளம்பரம் தேடி அலைந்த ஒரு சாமானியனின் தெருக்களைக் காத்துத் தந்ததோ, ஊர் நீங்கிய ஓர் எழுத்தாளன்.

ஆகவே, வாசகர்களே, வீட்டிலுள்ள பழைய பத்திரிகைகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றின் சிறு விளம்பரங்களிலும் ஓர் ஊர் இருக்கிறது.