மிஸ்ஸலக்: வயிற்றுக்கு இறங்கிய சொல்

ஆங்கிலத்தில் ‘குவீஸி’ என்றால் வயிறு குமட்டுவதாகவும் இருக்கலாம், மனசு நெருடுவதாகவும் இருக்கலாம். இதை டச்சு மொழியில் தரவேண்டியவர் அகராதியைப் புரட்டினால் முதலில் அகப்படுவது ‘மிஸ்ஸலக்’. கடற்பயணிக்கும் கர்ப்பிணிக்கும் கெட்டுப்போன மீனைத் தின்றவனுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் வயிறும் இல்லை, வாந்தியும் இல்லை.

முன்பாதி ‘மிஸ்’ மாறுபாட்டைக் குறிக்கும். பின்பாதி பழைய ஜெர்மானிய மொழிகளில் உடல், உருவம். அதே சொல் இன்றைய டச்சில் தனித்து நின்றால் பிணம்! இரண்டும் சேர்ந்தபோது பிறந்த பொருள் ‘பலவகையான’ என்பதே. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தைப் பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றான கோத்திக்கில் பெயர்த்தபோது, மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு பலவகை நோய்களைத் தீர்க்கும் இடத்தில் ‘பலவகை’ என்பதற்கு இதன் மூத்த வடிவத்தைத்தான் வைத்தார். நோயை ஒட்டி நிற்கிறதே தவிர, நோயைச் சொல்லவில்லை. இன்றைய பொருளுக்கு இங்கேதான் வித்து என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், தற்செயல்தான். அந்தக் கோத்திக் நற்செய்திகளை மொழியறிஞர் பிரான்சிஸ்கஸ் யூனியஸ் 1665இல் முதன்முதலாக அச்சேற்றியது டச்சு நகரமான டோர்ட்ரெக்ட்டில் என்பது இன்னொரு தற்செயல்.

பலவகையாக இருப்பதை நம்பமுடியாது. அதனால் இடைக்கால டச்சில் ‘நிச்சயமற்ற’ என்ற பொருள் ஏறியது, பிறகு ‘விரும்பத்தகாத’, கடைசியில் குமட்டல். உடம்பு சரியில்லாதபோது நாம் “ஒரு மாதிரியா இருக்கு” என்கிறோமே, ஏறக்குறைய அதே வழிதான். இதன் ஜெர்மன் உடன்பிறப்பு ‘இக்கட்டான’ என்பதோடு நின்றுவிட்டது. பழைய ஆங்கிலத்தில் இருந்தது வழக்கொழிந்தே போனது.

டச்சுக்காரர் அருவருப்பான வேடிக்கைப் பேச்சையும் மிஸ்ஸலக் என்பார். அதே வாயால், ஒரு தொகை ‘மிஸ்ஸலக் இல்லை’ என்றால் அது கொஞ்சநஞ்சமல்ல என்று பொருள்!

ஆகவே மனநெருடலுக்கு இந்தச் சொல்லைப் போட்டால் காரம் கூடிவிடும், சங்கடம் அருவருப்பாகிவிடும். அங்கே ‘ஒன்கமாக்கலக்’ போதும்: இலகுவாக இல்லை என்பதுதான் அதன் பொருள். உடம்பு லேசாக முடியவில்லை என்றாலோ, அவர்கள் வாயில் வருவது ‘நீட் லெக்கர்’. லெக்கர் என்றால் ருசியானது. நக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வேலைக்கு வர முடியவில்லை என்று சொல்ல, ருசியாக இல்லை என்றாலே அங்கே புரிந்துகொள்வார்கள்.