ஒற்றைத் தலைவலியும் ஆயுர்வேத நியமங்களும்

ஒற்றைத் தலைவலி என்று நம் வீடுகளில் வழங்கும் நோயை ஆயுர்வேத கிரந்தங்கள் அர்த்தாவபேதகம் என்று குறிக்கின்றன. சரக சம்ஹிதையின் சித்தி ஸ்தானத்து ஒன்பதாம் அத்தியாயம், வறண்ட ஆகாரத்தாலும், முன் உண்டது செரியுமுன் மீண்டும் உண்பதாலும், கொண்டல்காற்றாலும் பனியாலும், உடலின் இயற்கை வேகங்களை அடக்குவதாலும், அளவு மீறிய உழைப்பாலும் பிரகோபமடைந்த வாதம், தனித்தோ கபத்தோடு கூடியோ, தலையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு, பிடரி, புருவம், நெற்றிப்பொட்டு, செவி, கண் ஆகிய இடங்களில் கொடிய வேதனையை உண்டாக்கும் என்கிறது. சுசுருதரோ, 10 நாளைக்கோ 15 நாளைக்கோ ஒரு முறை அது திரும்பி வரும் என்ற லட்சணத்தையும் சேர்க்கிறார். 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடித்து, பெரும்பாலும் ஒரு பக்கமாகத் துடித்து, குமட்டலையும் வெளிச்சத்தைச் சகியாமையையும் உடன்கொண்டு வரும் மைக்ரேன் என்னும் நோய்க்கு இன்றைய நரம்பியல் வகுத்துள்ள இலக்கணத்தோடு இவ்வர்ணனை பெரிதும் பொருந்துகிறது. பொருந்துவது நோயின் தோற்றமேயன்றி விளக்கமன்று. வாதத்தை ஏதேனும் ஒரு நரம்போடு முடிச்சிட்டுக் காட்டும் உற்சாகத்தால் இரண்டு சாஸ்திரங்களுக்கும் நன்மையில்லை.

இந்நோயாளிக்கு ஆயுர்வேதம் தரக்கூடிய உதவி, அதன் தைலங்களையும் கஷாயங்களையும்விட, நோயின் நிதானத்தை, அதாவது காரணத்தை, விலக்கும் முறையிலேயே அதிகம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். காரணத்தை விலக்குவதைச் சிகிச்சையின் சாரமாகச் சுசுருதர் கருதியிருக்க, இன்றைய விளம்பரங்கள் அவ்வரிசையைப் புரட்டி, ஔஷதத்தை முன்னும் நியமத்தை எங்கோ சிறிய எழுத்திலும் வைத்துவிட்டன.

சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்து ஏழாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், நித்திரை முதலாக அடக்கத்தகாத வேகங்கள் 13 என்று எண்ணும் சரகர், தும்மலை அடக்குவதன் விளைவுகளில் அர்த்தாவபேதகத்தைப் பெயர் சொல்லியே குறிக்கிறார். நித்திரையை அடக்கினால் சிரோரோகமும் கண்களில் கனமும் உண்டாகும் என்கிறார். தும்மலைப் பற்றிய கூற்றுக்குச் சான்று தேடுவது கடினம். ஆனால் உறக்கமும் உணவும் காலந்தவறினால் இந்நோய் கிளர்ந்தெழும் என்பதில் நோயாளிகளின் அனுபவமும் நவீன வைத்தியமும் ஒன்றுபடுகின்றன. நள்ளிரவு கடந்து கண்விழித்து, மறுநாள் விடுமுறையென்று வெயிலேறும் வரை படுத்திருந்து, காலைப் பலகாரத்தையும் தவறவிட்டவருக்கு மாலைக்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்குவது எத்தனை குடும்பங்களில் கண்ட காட்சி! இந்நோயால் வாடியும் விரதத்தைக் கைவிடத் தயங்கும் பெண்மணிகளுக்கு, பட்டினியை விலக்குவது சாஸ்திர விரோதமன்று என்று வைத்தியர்கள் வற்புறுத்திச் சொல்லவேண்டும். பசியும் சரகரின் பட்டியலில் உள்ள வேகமே.

எனினும், வலிக்குப் பல மணி நேரம் முன்பே கொட்டாவியும் பிடரி இறுக்கமும் இனிப்பின்மேல் ஆசையும் தோன்றுவதுண்டாகையால், காரணமென்று நாம் பழிக்கும் பண்டம் சில சமயம் ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோயின் காரியமாகவே இருத்தல் கூடும். ஆகவே உண்டது, உறங்கியது, மாதவிலக்கு, வலி வந்த வேளை ஆகியவற்றைச் சில மாதங்கள் குறித்துவைத்துப் பார்த்த பின்பே எதையும் விலக்கத் துணியவேண்டும்.

ஔஷதங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. முகத்தில் எண்ணெய் தடவி ஒற்றடமிட்டு, நோயாளியைத் தலை சற்றே பின்தாழக் கிடத்தி, கரிசலாங்கண்ணிச் சாறும் ஆட்டுப்பாலும் நல்லெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய ஷட்பிந்து தைலத்தை வெதுவெதுப்பாக நாசியில் துளித்துளியாய் விட்டு, தொண்டைக்கு இறங்குவதை உமிழச் செய்து, வெந்நீரால் கொப்பளிக்கவைக்கும் நசியமும், கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், சீந்தில் முதலியவற்றாலான சார்ங்கதரரின் பத்யாதி கஷாயமும் நெடுங்காலப் பழக்கத்தின் ஆதரவு பெற்றவை. ஆயினும் நிச்சயம் குணமாகும் என்று உறுதி கூறப் போதிய அளவு பெரிய பரிசோதனைகள் நடைபெறவில்லை. பாஸ்டன் நகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வு, அவற்றுள் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருக்கக் கண்டதையும் மறத்தலாகாது. மறுபுறம், சாதாரண வலிநிவாரணி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தொடர்ந்து விழுங்குவோருக்கு அம்மாத்திரைகளே தலைவலியை நிலைப்படுத்திவிடும். திடீரென்று உச்சத்தில் தாக்கும் வலி, கைகால் தளர்ச்சி, நாக்குழறல், ஜுரத்தோடு கழுத்து விறைப்பு இவற்றில் ஏதேனும் கண்டால், எந்தத் தைலத்துக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும்.

ஆராய்ச்சி நிலையங்கள் ஒரு தைலத்தை மற்றொன்றோடு ஒப்பிடுவதோடு நில்லாமல், காலந்தவறாத உறக்கமும் உணவும் கொண்ட நியமத்தை ஒரு சாராருக்கும், அதோடு நசியத்தையும் சேர்த்து மற்றொரு சாராருக்கும் அளித்து, மாதந்தோறும் வலி வந்த நாட்களை எண்ணிப் பார்த்தால், நியமத்துக்கு மேல் ஔஷதம் எவ்வளவு கூட்டித் தருகிறது என்பது தெரியவரும்.