ஒருதலைச் சாட்சியம்: டிக் ஆலன் மீதான பழியும் அதன் ஆதாரமும்

அமெரிக்கப் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம், நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஓர் ஆட்டக்காரர் அங்கே நேர்வழியில் இடம்பெற வேண்டுமானால், அந்த விளையாட்டைப் பற்றி நெடுங்காலம் எழுதிவந்த பத்திரிகையாளர்களில் வாக்களிப்போரில் 75 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும். டிக் ஆலனின் பெயர் 1983 முதல் 1997 வரை 14 முறை அவர்கள் முன் வந்தது. அதிகபட்சமாகக் கிடைத்தது 1996-இல் 18.9 விழுக்காடு. அவரை மறுத்தவர்கள் அவருடைய ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை, குணத்தைச் சொன்னார்கள். அணியைப் பிளப்பவர், அடங்காதவர், தன்னலக்காரர் என்பதே அவர்மீது ஒட்டிய சொற்கள். அந்தப் பழி பெரும்பாலும் ஒருதலையான சாட்சியத்தின் மேல் எழுந்தது என்பதும், சரிபார்க்க முடிந்த இடங்களில் அது நிற்கவில்லை என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஆட்டம். 1964-இல் பிலடெல்பியா பிலீஸ் அணியின் புதுமுகமாக வந்த ஆலன் .318 சராசரி, 29 ஹோம் ரன், 125 ரன் எடுத்து, நேஷனல் லீகின் சிறந்த புதுமுகம் ஆனார். ஓய்வுபெற்ற 1977-இல் அவர் கணக்கில் 351 ஹோம் ரன்கள் இருந்தன. அக்காலம் பந்து வீசுபவர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் என்பதால், வெறும் எண்ணிக்கை அவருக்கு நியாயம் செய்யாது. சமகாலத்துச் சராசரி பேட்டரை 100 என்று வைத்து, மைதான வேறுபாட்டையும் கழித்துப் பார்க்கும் ஓபிஎஸ் பிளஸ் என்ற அளவுகோலில் அவருடைய வாழ்நாள் மதிப்பு 156. பேஸ்பால் ஜாம்பவான் ஹாங்க் ஆரனுக்கு 155. ஆரன் இன்னும் பல ஆண்டுகள் ஆடியவர் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் 1964 முதல் 1974 வரையிலான பதினோரு ஆண்டுகளை மட்டும் எடுத்தால், இந்த அளவுகோலில் நேஷனல், அமெரிக்கன் ஆகிய இரு லீகுகளிலும் ஆலனுக்கு மேலே எவரும் இல்லை.

இப்படிப்பட்டவரைப் பிலடெல்பியா ரசிகர்கள் சொந்த மைதானத்திலேயே கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள், பொருள்களை வீசினார்கள். தலையைக் காக்க அவர் ஃபீல்டிங்கின்போதும் ஹெல்மெட் அணிந்து நின்றார். காரணம் தேடினால் வரலாறு குறுக்கே வருகிறது. நேஷனல் லீகில் கறுப்பின ஆட்டக்காரரைக் கடைசியாகச் சேர்த்த அணி பிலீஸ். அதுவும் 1957-இல், நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் லீகுக்குள் வந்து பத்தாண்டு கழித்து. அதே நிர்வாகம்தான் 1963-இல், 21 வயது ஆலனை எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் அணிக்கு அனுப்பியது. அந்த அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். தொடக்க ஆட்டத்தின் முதல் பந்தை எறிந்தவர் ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ். 1957-இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி படையை நிறுத்திய அதே மனிதர். ஆட்டம் முடிந்து திரும்பினால் ஆலனின் காரில் மிரட்டல் சீட்டு. அந்தப் பருவத்தில் அவர் அடித்தவை 33 ஹோம் ரன்கள்.

வழக்கின் நடுப்புள்ளி 1965 ஜூலை 3. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் அணித்தோழர் ஃபிராங்க் தாமஸுக்கும் ஆலனுக்கும் கைகலப்பு மூண்டது. தாமஸ் கையிலிருந்த பேட்டால் ஆலனின் தோளில் அடித்தார். அன்று இரவே நிர்வாகம் தாமஸை அணியிலிருந்து நீக்கியது. அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. நீக்கப்பட்ட தாமஸுக்கு வாய்ப்பூட்டு எதுவும் இல்லை. தன் தரப்பை ஊடகங்களிடம் தாராளமாகச் சொன்னார். அணியில் தொடர்ந்த ஆலனுக்கோ, வாய் திறந்தால் பெரும் அபராதம் என்று மேலாளர் ஜீன் மாக் உத்தரவிட்டிருந்தார். பேட்டால் அடி வாங்கியவர் ஊமையாக்கப்பட்டார். மறுநாள் செய்தித்தாள் படித்த ரசிகருக்கு, ஒரு மூத்த வீரரின் பிழைப்பைக் கெடுத்த இளைஞனாகவே ஆலன் தெரிந்தார். அவருடைய தரப்பு நூல் வடிவில் முழுமையாக வந்தது 1989-இல்தான். கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரு படிமம் எவ்வளவு இறுகிவிடும்!

பெயர் விஷயத்திலும் இதே போக்குதான். வீட்டிலும் ஊரிலும் அவர் டிக். அணி அவரை 'ரிச்சி' ஆக்கியது. சிறுபிள்ளையைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகும் பத்திரிகைகள் பல ஆண்டுகள் அப்படியே எழுதின.

ஆலனுக்கு எதிரான மிக வலுவான வாதம் பத்திரிகையாளர்களுடையது அல்ல; புள்ளியியல் ஆய்வாளர் பில் ஜேம்ஸுடையது. தன் அணிகள் வெல்வதற்கு வரலாற்றிலேயே அதிகம் இடையூறு செய்தவர் ஆலன் என்ற கருத்தை அவர் 1994-இல் வெளியான நூலில் முன்வைத்தார். எண்களைக் கொண்டு பேசுபவர் என்பதால் இந்தத் தீர்ப்பு ஆழமாகப் பதிந்தது. ஆனால் இந்த இடத்தில் மட்டும் ஜேம்ஸ் சாய்ந்தது எண்களின் மேல் அல்ல, பழைய செய்திகளின் மேல். அடுத்த ஆண்டே கிரெய்க் ரைட் என்ற ஆய்வாளர் எளிய, சரியான வழியைப் பிடித்தார்: ஆலனை நிர்வகித்தவர்களையே கேட்டார். ஜீன் மாக், ரெட் ஷெண்டின்ஸ்ட், சக் டானர் ஆகியோர் அவர் அணியைப் பிளந்தார் என்பதை ஏற்கவில்லை. 1965-இல் ஆலனின் வாயை அடைத்தவரே அவருக்காகச் சாட்சி சொல்கிறார் என்பதற்குத் தனி எடை உண்டு.

அணி கெட்டதா என்பதையும் அளந்து பார்க்கலாம். சிகாகோ வைட் சாக்ஸ் 1970-இல் 106 ஆட்டங்களில் தோற்ற அணி. பருவம் முழுவதும் மைதானத்துக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்தைத் தொடவில்லை. 1971-இல் ஓரளவு தேறி 79 வெற்றி. 1972-இல் ஆலன் சேர்ந்தார்: 37 ஹோம் ரன், தன் அடியால் அணிக்குக் கிடைத்த 113 ரன், அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. வேலைநிறுத்தத்தால் சுருங்கிய அப்பருவத்தில் அணி 87 வென்று, அந்த ஆண்டின் உலகத் தொடரை வென்ற ஓக்லாந்துக்கு அடுத்து இரண்டாவதாக முடித்தது. பார்வையாளர் எண்ணிக்கை 11 லட்சத்தைத் தாண்டியது. அந்த அணியில் புதுமுகமாக இருந்த கூஸ் காசேஜ், தான் பார்த்தவர்களிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பின்னாளில் ஆலனைப் போற்றினார். 1975, 1976-இல் ஆலன் பிலீஸுக்குத் திரும்பியபோது உடன் ஆடிய மைக் ஷ்மிட்டும் மோசமான அணித்தோழர் என்ற முத்திரையை வெளிப்படையாக மறுத்தவர். இருவருமே ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள்.

ஆலனிடம் குறையே இல்லை என்று வாதிடத் தேவையில்லை. 1969-இல் இரட்டை ஆட்டத்தைத் தவறவிட்டு, கிட்டத்தட்ட ஒரு மாதம் இடைநீக்கத்தில் இருந்தார். 1974-இல் லீகிலேயே அதிக ஹோம் ரன் அடித்திருந்தபோது, பருவம் முடியும் முன்னே அணியை விட்டுப் போனார். இவை நடந்தவை, தோழர்களுக்கு இழப்பு உண்டாக்கியவை. ஆனால் பதினைந்து பருவங்களில் இவற்றுக்குரிய இடம் எவ்வளவு என்பதே கேள்வி. 1964-இன் இறுதியில் பிலீஸ் தொடர்ந்து பத்து ஆட்டங்களில் தோற்றுக் கோப்பையைக் கைநழுவவிட்டபோது, அதற்கு முன் அதிகம் ஆடியிராத மூன்றாம் பேஸில் நிறுத்தப்பட்ட ஆலனின் 41 பிழைகள் பேசப்பட்டன. அப்பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்திலும் இறங்கிய அவர், அந்த நெருக்கடியிலும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பத்திரிகையாளர்களின் வாக்கு முடிந்தபின், முன்னாள் வீரர்களும் நிர்வாகிகளும் ஆய்வாளர்களும் அடங்கிய 16 பேர் குழுக்கள் அவர் வழக்கை மீண்டும் எடுத்தன. 12 வாக்கு தேவை. 2014-இல் 11, 2021-இல் மீண்டும் 11. இடையில் 2020 டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய வாக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போக, அதே மாதம் 7-ஆம் தேதி ஆலன் மறைந்தார். 2024 டிசம்பரில் 13 பேர் ஆதரித்தனர். 1977-க்குப் பிறகு அவருடைய கணக்கில் ஒரு ரன்கூடக் கூடவில்லை. ஆகவே 18.9 விழுக்காட்டுக்கும் 16-இல் 13-க்கும் உள்ள தொலைவை ஆட்டத்தால் விளக்க முடியாது. அவரோடு உடைமாற்றும் அறையில் இருந்தவர்களின் சொல், அந்த அறைக்கு வெளியிலிருந்து எழுதியவர்களின் சொல்லுக்கு நிகராக இத்தனை காலம் வைக்கப்படவில்லை என்பதைக் கொண்டே விளக்க முடியும்.