வழக்குத்தொடுநரின் நாவடக்கம்

குற்றச்சாட்டு மொழியப்பட வேண்டிய இடம் நீதிமன்று. அது முச்சந்தியில் மொழியப்படின் விளைவது யாது? அமெரிக்காவின் ஒஹாயோ மாநில வழக்கொன்று இதற்கு விடை தருகின்றது.

1954 ஆம் ஆண்டு யூலை 4 ஆம் நாள், கிளீவ்லண்ட் நகரை அடுத்துள்ள பே வில்லேஜில், வைத்தியர் சாம் ஷெப்பர்டின் மனைவி கொலையுண்டார். மரண விசாரணை ஒரு பாடசாலையின் தேகப்பயிற்சி மண்டபத்தில் நடைபெற்றது; சாட்சியின் முன் வானொலி ஒலிவாங்கி வைக்கப்பட்டிருந்தது. பொலிசாரும் அரச வழக்குத்தொடுநர் தரப்பினரும் வெளியிட்ட செய்திகள் பத்திரிகைகளை நிறைத்தன. அவற்றுட் பல சாட்சியமாக மன்றிற்கு வரவேயில்லை. யூரிமாருள் ஒருவரொழிந்த ஏனையோர் அச்செய்திகளை முன்னரே அறிந்திருந்தனர். ஷெப்பர்டுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

1966 யூன் 6 ஆம் நாள், அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அவ்விசாரணை நேர்மையானதன்று எனத் தீர்த்தது. வழக்கறிஞர், சாட்சிகள், பொலிசார் ஆகியோரின் நாவை நீதிபதி கட்டுப்படுத்தியிருத்தல் வேண்டும் என்றும் உரைத்தது. அவ்வாண்டு மறுவிசாரணையில் ஷெப்பர்ட் விடுதலை பெற்றார். சிறையில் கழிந்த ஏறத்தாழப் பத்தாண்டுகள் மீளவில்லை.

1968 இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் விதிகளை வகுத்தது. கைதையும் குற்றச்சாட்டையும் அறிவிக்கலாம். குற்ற ஒப்புதலையும் பழைய தண்டனைகளையும் விசாரணைக்கு முன் வெளியிடலாகாது. இன்று பல நாடுகளில் வழக்குத்தொடுநர் அலுவலகங்கள் செய்தித் தொடர்புக்கெனத் தனி அலுவலரை வைத்துள்ளன. சொல்ல வேண்டியதைச் சொல்வது அவர் பணியிற் பாதி. சொல்லத்தகாததைக் காப்பது மறுபாதி.