மிச்ச இருக்கையில் வந்த விடுப்பு



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. போன ஞாயிறு ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது, "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். ராணுவத்தில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டான். கூடவே அவன் தங்கை மகன், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பையன். வேலை பார்த்துக்கொண்டே அந்நாட்டு ராணுவத்தின் ரிசர்வ் பிரிவிலும் இருக்கிறானாம். ராணுவ விமானத்தில் டிக்கெட் எடுக்காமல் ஹவாய்க்குச் சுற்றுலா போய்வந்த கதையைச் சொன்னான்.

"உங்களுக்கும் இப்படி உண்டா மாமா?" என்று கேட்டான்.

"உண்டு. ஆனா சுத்திப் பாக்க இல்ல, வீட்டுக்கு வர" என்றான் மாமன். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

முதலில் அமெரிக்க முறையைச் சொல்கிறேன். அங்கே ராணுவ விமானம் தன் வேலையாகத்தான் கிளம்பும். சரக்கும் கடமையில் செல்வோரும் ஏறியபின் இடம் மிஞ்சினால் மற்றவர்களுக்கு. வரிசையில் ஆறு படிகள். வீட்டில் சாவு, ஆபத்து என்று அவசர விடுப்பில் போகிறவர் முதல் படி. ரிசர்வ் படையினரும் ஓய்வு பெற்றவர்களும் ஆறாவது படி. பணியில் இல்லாத ரிசர்வ் வீரர் அமெரிக்காவுக்குள்ளும், ஹவாய், அலாஸ்கா, குவாம் போன்ற இடங்களுக்கும்தான் போகலாம். திரும்பி வர இடம் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. கையில் டிக்கெட்டுக்குப் பணம் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

நம் நாட்டிலும் வேறு தொழில் பார்த்துக்கொண்டே பணியாற்றும் படை உண்டு. பிரதேச ராணுவம் என்று பெயர். 1948 சட்டத்தின்படி அமைந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி.

ஆனால் மிச்ச இருக்கைப் பயணம் நம்மிடம் வளர்ந்தது லடாக் மலையில். 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தை லே ஊரின் மணல் தளத்தில் இறக்கினார். அந்தத் தளத்தை அமைத்தவர் பொறியாளர் சோனம் நோர்பு. குளிர்காலத்தில் ஜோஜிலா கணவாய் பனியால் மூடிவிடும். அப்போது விமானம்தான் வழி. அரிசி, மண்ணெண்ணெய், குண்டு என்று மேலே சுமந்து போகிற விமானம் கீழே காலியாகத்தானே வர வேண்டும்? அந்தக் காலி இடத்தில்தான் விடுப்புக்காரர்கள் சண்டிகருக்கு வந்து சேர்ந்தார்கள்.

என் மாணவன் 1995 தை மாதம் அப்படித்தான் லேயில் காத்திருந்தான். இலஞ்சி குமாரர் கோயிலில் தங்கைக்குக் கல்யாணம். தினமும் விடியுமுன் பெட்டியோடு போய் நிற்பான். மேகம் விலகாது, விமானம் வராது. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. பிறகு சண்டிகர், டெல்லி, சென்னை என்று ரயில் வாரண்டில் மாறி மாறி வந்து, எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி பிடித்துத் தென்காசியில் இறங்கியபோது பந்தல் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கல்யாண ஆல்பத்தில் அவன் இல்லை.

அவன் வீடு வந்து சேர்ந்தான். சேராதவர்களும் உண்டு. 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலின் மேல் காணாமல் போனது. வாராவாரம் ஆளும் பொருளும் கொண்டுபோகிற வழக்கமான பயணம்தான். படையினரும் பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்களுமாக 29 பேர் இருந்தார்கள். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் தெரியவந்தன. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில்தான் அவை தெரிந்தன. அதுவரை அந்த 29 வீடுகளும் எப்படிப் பொழுதைக் கழித்திருக்கும்?

அமெரிக்கப் பையன் அதன்பின் ஹவாய் பற்றிப் பேசவில்லை. "கல்யாணத்துக்கு நீங்க வரலைன்னு அம்மா இன்னமும் சொல்லுவாங்க மாமா. ஏன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றான். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, பழைய குற்றாலத்துக்கும் போயிட்டு வந்துருவோம்" என்று அழைத்துப் போனான்.

உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருந்தால், எந்தப் போரில் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். விடுப்பில் ஊர் வந்து சேர்ந்த கதையையும் கேட்டு, இங்கே எழுதுங்கள். நான் நடத்திய எந்த வரலாற்றுப் பாடத்திலும் அது இருந்ததில்லை.