வெள்ளி இருக்கை

டோக்கியோ நகரின் ஊடே கிழக்கு மேற்காகச் செல்லும் சூவோ ரயில் பாதையில், 1973-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, முதியோரைப் போற்றுவதற்கென்றே ஜப்பான் தேசம் ஒதுக்கியிருந்த விடுமுறை நாளன்று, ஆரஞ்சு வண்ணப் பெட்டிகளில் ஏறிய பிரயாணிகள், மூலையிலிருந்த சில இருக்கைகள் மட்டும் மற்றவற்றினின்று வேறுபட்டு, வெள்ளிச் சாம்பல் நிறத் துணி போர்த்து நிற்கக் கண்டார்கள். விருத்தர்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் உரியவை அவை என்று அறிவித்த தேசிய ரயில்வே, அவற்றுக்கு 'சில்வர் சீட்' என்று நாமகரணமும் செய்திருந்தது.

நரைத்த தலையை மனத்திற்கொண்டு யாரோ ரசிகர் தேர்ந்த நிறம் என்றே கேட்பவர் எண்ணக்கூடும். உண்மை அதைவிட எளியது. அவ்விருக்கைகளை வேறுபடுத்திக் காட்ட ஒரு துணி வேண்டியிருந்தது. அதிவேக சின்கான்சென் ரயிலின் இருக்கைகளுக்கென நெய்த வெள்ளிச் சாம்பல் துணி கைவசம் இருந்தது. அதையே எடுத்துத் தைத்துவிட்டார்கள். இப்படித் தற்செயலாய் வந்த நிறத்தின் பெயர், நாளடைவில் ஜப்பானிய மொழியில் முதுமைக்கே பரியாயச் சொல்லாகி, முதியோருக்கு வேலை தேடித்தரும் நிலையங்களின் பெயரிலும் ஏறி அமர்ந்துவிட்டதை நினைக்கும்போது, சொற்களின் ஜாதகத்தை யாரால் கணிக்க முடியும் என்று வியக்கத் தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு வெறும் வெளியில் முளைத்ததன்று. யுத்தம் முடிந்து, நெரிசல் மூச்சை அடைத்த 1947-இல், இதே பாதையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப்பெட்டி ஒன்று விடப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. வெள்ளி இருக்கை வருவதற்குச் சில நாட்கள் முன்புதான் அது நிறுத்தப்பட்டது.

ஆனால் நான்கு இருக்கைகளைத் தாட்சண்யத்துக்கென்று குறித்துவிட்டால், மீதி நாற்பதில் அமர்ந்திருப்பவருக்கு அந்தக் கடமை இல்லையென்று ஆகிவிடாதா? எதிரே தள்ளாடும் கிழவரைக் காணாதிருக்கக் கண்ணை மூடிக்கொள்ளும் பொய்த் தூக்கத்துக்கு, ஆபத்தில் செத்ததுபோல் கிடக்கும் தனுக்கி என்ற பிராணியின் பெயராலேயே ஜப்பானியர் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். உபசாரத்துக்குப் பேர்போன நாட்டிலும் அச்சொல்லுக்கு அவசியம் இருந்திருக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை காணும் பிரயத்தனமாக, ஓசாகா, கோபே, கியோட்டோ நகரங்களை இணைக்கும் ஹான்க்யூ ரயில்வே 1999 ஏப்ரலில் தனி இருக்கைகளை அடியோடு எடுத்துவிட்டு, வண்டியிலுள்ள எல்லா இருக்கைகளுமே முன்னுரிமை இருக்கைகள் என்று பிரகடனம் செய்தது. நான் அறிந்த ரயில்வே விதிகளுள் இதனினும் உன்னதமான ஒன்றில்லை. மரியாதைக்கு எல்லைக்கோடு கூடாது, ஒவ்வொருவர் இதயத்திலும் அது விழித்திருக்கட்டும் என்ற அந்த நம்பிக்கையை இன்றும் நான் வணங்குகிறேன்.

எனினும் அது நிலைக்கவில்லை. எழுந்து இடம் தருவார் இல்லை என்று முதியோர் முறையிட, 2007 அக்டோபரில் ஹான்க்யூ தனி இருக்கைகளை மறுபடியும் வைத்தது. இதில் இளைஞர்களின் குற்றத்தை மட்டுமே காண்பது சரியன்று என்பது என் அபிப்பிராயம். குறித்த இடமொன்று இருந்தபோது, கால் நோகும் மூதாட்டி யார் முகத்தையும் பாராமல், யாரிடமும் வாய் திறவாமல், அம்மூலையை நோக்கி நடந்தால் போதுமாயிருந்தது. எல்லா இடமும் அவளுடையது என்றான பின்போ, எந்த ஒருவர் முன்னேனும் போய் நின்று, தன் தளர்ச்சியை அவர் கண்டுகொள்ளக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சிரமம் கொடுக்கலாகாதென்று பழகிவந்தவளுக்கு அந்தக் காத்திருப்பு யாசகத்துக்குச் சமானம். நிற்கும் வலியைக் காட்டிலும் அச்சங்கோசமே அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

யோகோஹாமா நகரச் சுரங்க ரயிலும் 2003 டிசம்பரில் எல்லா இருக்கைகளையும் முன்னுரிமை இருக்கைகளாக்கியது. அது தன் பிரகடனத்தைக் கைவிடவில்லை. 2012-இல், அந்த முன்னுரிமை இருக்கைகளுக்குள்ளேயே சிலவற்றைப் பிரித்து, 'மிக முன்னுரிமை இருக்கை' என்று தனியே பெயர் எழுதி வைத்தது.