ஆட்டுக்காலும் மான்குளம்பும்

கோவளத்திலிருந்து திருவிடந்தைக்குக் கடலோரமாகவே நடந்தால் மணல்மேட்டில் அடும்பு படர்ந்திருக்கும். இலை நுனியில் பிளந்து இரண்டு மடலாக நிற்கும். குறுந்தொகைப் புலவர் ஒருவருக்கு அது மானின் குளம்பாகத் தெரிந்தது. தாவரவியலில் அதன் பெயர் இபோமியா பெஸ்-காப்ரே. பெஸ் என்றால் கால். காப்ரா ஆடு, காப்ரே ஆட்டினது. ஆக, ஆட்டுக்கால். இந்தப் பக்கத்திலும் ஆட்டுக்கால் என்று சொல்பவர்கள் உண்டு.

நான் லத்தீனில் கற்ற முதல் வேற்றுமை இது, ஆறாம் வேற்றுமை. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் தாவரவியல் மாணவனாக, செய்தித்தாள் மடிப்புக்குள் செடிகளை அழுத்திக்கொண்டு இந்தக் கரையில் திரிந்தபோது, ஒட்டுச் சீட்டில் எழுதவேண்டிய பெயர்களே என் அரிச்சுவடி ஆயின. மற்ற மாணவர்கள் அவற்றை ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். எனக்கு மனப்பாடம் வராது. அர்த்தம் தெரிந்தால்தான் நிற்கும். சோம்பேறித்தனம்தான் என்னை இலக்கணத்துக்குள் தள்ளியது என்று சொல்லவேண்டும்.

பெயர்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. தென்னை நூசிஃபெரா, கொட்டை தாங்குவது. முருங்கை ஒலேயிஃபெரா, எண்ணெய் தாங்குவது. அதன் முன்பாதியான மொரிங்கா நம்முடைய முருங்கையேதான். பனை ஃப்ளாபெல்லிஃபெர், விசிறி ஏந்தியது. சவுக்கு ஈக்விசெட்டிஃபோலியா: குதிரை, மயிர், இலை என்று மூன்று சொற்கள் ஒரே மூச்சில். மணலில் உருண்டோடும் இராவணன் மீசை லிட்டோரியுஸ், கரையைச் சேர்ந்தது. புளியின் பெயரில் ஒரு வேடிக்கை. டாமரிண்டுஸ் என்பது 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பின்னால் இண்டிகா என்று ஒட்டினார்கள். இந்தியாவை இரண்டு தடவை சொல்லியாயிற்று.

ஆனால் இண்டிகா என்ற அந்த 'ஆ' எங்கிருந்து வந்தது? 'உஸ்' என்று முடிந்தால் ஆண்பால் என்று படித்திருந்தேன். டாமரிண்டுஸ் இண்டிகுஸ் என்றல்லவா வரவேண்டும்? ஆலும் அரசும் அப்படித்தான்: ஃபீகுஸ் பெங்காலென்சிஸ், ஃபீகுஸ் ரெலிஜியோசா. சில நாள் குழம்பிய பிறகு விதி கிடைத்தது. லத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்பால். விகுதி ஆண்பால் தோற்றம் காட்டினாலும் மரம் பெண்தான். பனை மட்டும் ஆணாக நின்றது. ஆண்பனை பெண்பனை என்று பிரித்துப் பேசும் நமக்கு இது சற்று அநியாயமாகப் படும்.

தமிழில் மரம் அஃறிணை, அதோடு விஷயம் முடிந்தது என்று இலக்கணம் சொல்லும். கவிதை அப்படிச் சொல்லவில்லை. நற்றிணையில் ஒரு பெண் புன்னையடியில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள், அம்மா அந்த மரத்தை அவளுக்குத் தங்கை என்று சொல்லியிருக்கிறாள் என்பதால். திருவிடந்தைக் கோயிலின் தலமரமும் புன்னைதான். அதன் தாவரவியல் பெயரைப் பார்த்தேன். காலோஃபில்லும் இனோஃபில்லும், அழகிய இலை, நார் இலை. இரண்டும் கிரேக்கச் சொற்கள், லத்தீன் சட்டை போட்டவை. 'உம்' என்று முடிவதால் ஆணுமல்ல பெண்ணுமல்ல, அலிப்பால். மரங்களையெல்லாம் பெண்ணாக்கிய மொழி, தங்கையாக இருந்த புன்னையை அஃறிணையாக்கிவிட்டது. நற்றிணைக்காரியும் லின்னேயஸும் அந்த மரத்தடியில் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன்.

கிழிந்த ஆங்கிலேயப் பள்ளிப் பாடநூல் ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தபோது முறையான படிப்பு தொடங்கியது. அத்தகைய நூல்கள் மென்ஸா என்ற சொல்லோடு ஆரம்பிக்கும். மென்ஸா என்றால் மேசை. மேசை, மேசையை, மேசையினது, மேசைக்கு, பிறகு 'மேசையே!' இந்தக் கடைசி வடிவம் வின்ஸ்டன் சர்ச்சிலைச் சிறுவயதில் திணறடித்திருக்கிறது. 1930-ல் வெளியான தன் இளமைக்கால வரலாற்றில் அவர் அதை எழுதியிருக்கிறார்: மேசையை யார் கூப்பிடுவார்கள், எதற்கு? ஆசிரியரிடம் கேட்டதற்கு மிரட்டல்தான் பதில்.

எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. நாரையையும் கடலையும் நெஞ்சையும் கூப்பிட்டுப் பேசும் பாட்டுகளில் வளர்ந்தவனுக்கு மேசையைக் கூப்பிடுவதில் என்ன கஷ்டம்? திருமங்கையாழ்வார் திருவிடந்தைக்குப் பாடிய பத்தில், பலன் சொல்லும் கடைசிப் பாட்டு நீங்கலாக, எல்லாப் பாட்டும் விளியில்தான் முடிகின்றன. மகளுக்காக ஒரு தாய் தெய்வத்தைக் கூப்பிட்டுக் கேட்கிறாள், உன் மனத்தில் என்னதான் இருக்கிறது என்று. பதில் வருவதில்லை, மறுபடி கூப்பிடுகிறாள். எட்டாம் வேற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த லத்தீன் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை.

மென்ஸா என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது இன்னொன்று உறைத்தது. மேசையே அதுதானே. மென்ஸா போர்த்துக்கீசில் மெஸா ஆகி, இங்கே மேசை ஆனது. யானுவா என்ற வாசல் சிறுத்து ஜனேலாவாகி, சன்னல். அர்மாரியும் அலமாரி. பென்னா என்ற இறகு, பேனா. மாகிஸ்தெர், நம் மேஸ்திரி. பாத்தெர், பாதிரி. க்ளாவிஸ் ஷாவே ஆகி, சாவி. அன்றாட லத்தீனில் பாதியை நான் படிக்காமலே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சாமான்களோடு வந்த சொற்கள் இவை. யாரும் இலக்கணம் கேட்கவில்லை. வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

க்ளாவிஸ் என்ற சொல் என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோயிற்று. வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய செந்தமிழ் இலக்கண நூலொன்றின் தலைப்பு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. உயர்தமிழின் இலக்கியத்துக்குச் சாவி. அவர் 1747-ல் இறந்தார். நூல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1876-ல்தான் தரங்கம்பாடியில் அச்சாயிற்று, பர்னலின் முயற்சியால். நூற்று இருபத்தொன்பது வருஷம் சாவி யார் கையிலும் இல்லை.

லத்தீனுக்கும் தமிழுக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல் ஒற்றுமை தேடிப் போய்விடுகிறார்கள். அந்த விளையாட்டில் எனக்கு அக்கறை இல்லை. நடந்த வரலாறு அதைவிடச் சுவாரஸ்யமானது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறையில் இருந்த என்றிகே என்றிக்கஸ் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். மொழி போர்த்துக்கீசு, சட்டகம் லத்தீன். அது லிஸ்பனில் கையெழுத்துப் பிரதியாக இருந்து 1982-ல் ஃபெர்மீரின் பதிப்பாக வெளிவந்தது. ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தன் தமிழ் இலக்கணத்தை லத்தீனிலேயே எழுதி 1716-ல் ஹாலே நகரில் அச்சிட்டார். பெஸ்கி கொடுந்தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியே எழுதினார். பேச்சையும் இலக்கியத்தையும் ஒரே நூலில் அடைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. நம்முடைய பள்ளிக்கூடத்துக்கு இன்னும் புரியவில்லை. கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் அச்சானது தரங்கம்பாடியில், அதாவது அவர் கண்டித்து எழுதிய லுத்தரன்களின் அச்சகத்திலேயே. மதச் சண்டை ஒரு பக்கம் நடக்க, வினைத்திரிபு அட்டவணையை எதிரியிடமிருந்து வாங்கிக்கொள்வதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஏன் லத்தீன்? ஐரோப்பாவில் எந்த நாட்டுப் படித்தவனும் வாசிக்கக்கூடியது என்பது ஒரு காரணம். இன்னொன்றை, லத்தீன் பாடநூலோடு மல்லாடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்களுக்கு இலக்கணம் என்றாலே லத்தீன்தான். சிறுவயதில் பிரம்படியோடு உள்ளே போன அட்டவணை அது. ஒரு புதிய பெயர்ச்சொல்லைக் கண்டதும் அதை அந்த வரிசையில் நிறுத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. நான் காப்ரே என்ற சொல்லைக் கண்டதும் 'ஆறாம் வேற்றுமை' என்றேன் அல்லவா, அதே காரியம், திசைமாறி.

அந்த வரிசையில் தமிழ் நின்றபோது என்ன நடந்தது என்பதைத்தான் யாராவது விரிவாக எழுதவேண்டும். லத்தீன் 'அப்லாத்திவ்' என்ற ஒரே வடிவத்தில் கருவி, நீங்கல், இடம் மூன்றையும் பெரும்பாலும் ஏற்றிவிடும். தமிழில் அவை மூன்று வேற்றுமைகள். லத்தீன் பெயரடை பெயரோடு பால், எண், வேற்றுமை எல்லாவற்றிலும் ஒத்துப்போகவேண்டும். தமிழில் 'நல்ல' என்பது நல்ல மனிதனுக்கும் நல்ல மரங்களுக்கும் அசையாமல் நிற்கும். லத்தீன் 'எவன்' என்று தொடங்கி ஒரு துணைவாக்கியம் கட்டும். தமிழ் அதே வேலையைப் பெயரெச்சத்தால் சத்தமில்லாமல் செய்துவிடும்: நேற்று வந்த ஆள், அவ்வளவே. வேதப்புத்தகத் தமிழில் 'எவன் — அவன்' என்று நீளும் வாக்கியங்களுக்கு வடமொழிப் பழக்கமும் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உரைநடையின் எலும்பு எங்கெங்கிருந்து வந்தது என்று பேசுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சட்டகம் பொருந்தாதது பாதிரிமார்களின் குற்றம் என்று நினைப்பது சுலபம். ரோமர்களே இன்னொருவனின் இலக்கணத்தைக் கடன் வாங்கிய மாணவர்கள்தான். இரண்டாம் வேற்றுமைக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'குற்றஞ்சாட்டுவது' என்று அர்த்தம். கிரேக்கச் சொல் வினையின் விளைவுக்கு உள்ளாவதைக் குறித்தது. அதன் மூலத்துக்குக் குற்றஞ்சாட்டுதல் என்றும் ஓர் அர்த்தம் இருந்ததால் ரோமர்கள் தவறாகப் பெயர்த்துக்கொண்டார்கள். ஒரு மாணவனின் பிழை இரண்டாயிரம் வருஷமாக ஐரோப்பியப் பள்ளிக்கூடங்களில் ஓதப்படுகிறது. காஸுஸ் என்ற சொல்லுக்கே விழுதல் என்று பொருள். எழுவாய் நேராக நிற்க, மற்றவை அதிலிருந்து சரிந்து விழுகின்றன என்ற சித்திரம். நாம் வேற்றுமை என்கிறோம். அவர்களுக்கு வீழ்ச்சி, நமக்கு வேறுபாடு.

வீரமாமுனிவருக்கு 1968-ல் மெரினாவில் சிலை வைத்தோம். தேம்பாவணியைப் பரமார்த்த குருவோடு சேர்த்துப் பாராட்டுகிறோம். அவருடைய செந்தமிழ் இலக்கணத்தையோ 1822-ல் பாபிங்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் பெரும்பாலும் அறிகிறோம். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனாக்கினார். கிரவுலின் லத்தீன் குறள் 1865-ல் வெளிவந்தது. ஒரு குறளை லத்தீனில் வைக்கும்போது எது சிந்தியது, எது தங்கியது என்று சொல்லக்கூடிய தமிழ் விமர்சகன் எத்தனை பேர்? ஐரோப்பிய 'இயம்' ஒவ்வொன்றும் ஆங்கில மொழிபெயர்ப்பில் கப்பலேறி வந்து இறங்கிய வாரமே அதில் கட்டுரை எழுதிவிடுகிறோம். நம் மொழியைப் பற்றி எழுதப்பட்ட மூல நூல்கள் பூட்டிக் கிடக்கின்றன. விதிவிலக்குகள் குருமடங்களில் படித்தவர்கள். ரோமில் படித்துவிட்டுப் பின்னர் அண்ணாமலையில் தமிழ் படித்த தனிநாயகம் அடிகள், 1679-ன் தமிழ்-போர்த்துக்கீசு அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து எடுத்து 1966-ல் வெளியிட்டது அந்தப் படிப்பு இல்லாமல் நடந்திருக்கக்கூடியதல்ல.

லத்தீன் இந்தக் கரையில் படிப்பில்லாமலும் இருந்தது. கோவளத்தில் ஒரு பெரியவர், மீன்பிடிக்காரர், வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"லத்தீனா? சின்ன வயசுல பூசைக்கு உதவியிருக்கேன் தம்பி. எல்லாப் பதிலும் தெரியும். அப்புறம் தமிழாக்கிட்டாங்க." 1963-ல் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடம் கொடுத்த பிறகு நடந்த மாற்றத்தைச் சொன்னார். தடங்கலில்லாமல் ஒப்பித்தும் காட்டினார்.

"அர்த்தம் தெரியுமாய்யா?"

"யார் சொன்னா? ஒண்ணு மட்டும் ரொம்ப நாளா கேக்கணும்னு. தோமினுஸ்னு வரும், தோமினேன்னு வரும், தோமினும்னும் வரும். ஒரே வார்த்தையா, வேற வேறயா?"

"ஒரே வார்த்தைதான்யா. ஆண்டவர், ஆண்டவரே, ஆண்டவரை."

வலையிலிருந்து கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அவ்வளவுதானா?" என்றார். பிறகு வாய்க்குள் மறுபடி ஒப்பிக்க ஆரம்பித்தார், இந்தத் தடவை மெதுவாக, தோமினே வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி நிறுத்தி.

புதிய தாவரம் ஒன்றைக் கண்டால் அதன் விவரணையை லத்தீனில்தான் எழுதவேண்டும் என்ற விதி 1935 முதல் இருந்தது. 2012 ஜனவரி முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்திவிட்டார்கள். பெயர் மட்டும் லத்தீன் வடிவத்தில் இருந்தால் போதும். என் பழைய ஒட்டுச் சீட்டுகளில் ஒன்றை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். அடும்பு காய்ந்து பழுப்பாகியிருக்கிறது, பிளவு அப்படியே இருக்கிறது. பெஸ்-காப்ரே என்பதற்குக் கீழே பென்சிலால் 'மானடி' என்று எழுதி, பேராசிரியர் பார்ப்பாரே என்று அடித்திருக்கிறேன்.